வெளுத்த பிளாஸ்டிக்கில் கறுத்த எழுத்து

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம்தான். 2008இல் ஒரு காலை, மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். செக்பொயின்டில் எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்கச் சொன்னார்கள். பாதையோரம் ஒரு பழைய பிக்கப்பை ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். அதன் பின்கதவில் அகலமான கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை. பட்டையில் மஞ்சள் நிறத்தில் ‘கிளிநொச்சி’ என்று இருந்தது. பக்கத்தில் கையில் ஈரத்துணியோடு ஒரு பெண், கொஞ்சம் தள்ளி ஓர் ஆண், நடுவில் ஒரு சிப்பாய். வரிசை நகர்ந்தது. அட்டையைக் காட்டினேன். ஏறினேன். பஸ் கிளம்பிவிட்டது.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில், அந்தப் பாதையில், புலிகளின் கையில் இருந்த ஊரின் பெயரை வண்டியில் எழுதிக்கொண்டு போக யாருக்குப் பைத்தியம்? அதற்குப் பதில் தேடித்தான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: “ரிவர்ஸ்டன் மலையைப் பனி போர்த்தியிருந்த அந்த இளங்காலையில்...”

(வேண்டாம். நான் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து கம்பஸில் ஒரு விரிவுரையாளர், எதை எழுதிக் கொடுத்தாலும் “கொஞ்சம் பனி போடுங்க, கொழுந்துக்கூடை எங்கே?” என்பார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகக் கம்பஸ் வாசலை மிதித்தது அவருக்குக் கூடை தூக்கவா? இந்தக் கதையில் பனி கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: “பொன்னையாவுக்கு வண்டி என்றால் உயிர்...”

(பொய். பொன்னையாவுக்கு உயிர்தான் உயிர். வண்டி பிழைப்பு.)

மூன்றாவது. இதை வைத்துக்கொள்கிறேன்:

அந்த எழுத்தை முதன்முதலில் கண்டபோது வேலம்மா சிரித்தாள்.

3

வண்டியை அவள் புருஷன் பொன்னையா ஒரு தரகனிடம் வாங்கி, யட்டவத்தைக்கு ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். யட்டவத்தைச் சந்தையில் காய்கறி ஏற்றி தம்புள்ளையில் இறக்குவது, அங்கே வெங்காயம் ஏற்றி இங்கே இறக்குவது, அதுதான் தொழில். வண்டி யார் யார் கையிலோ இருந்து வந்தது. எப்போதோ அதை வைத்திருந்த ஒருவர் பின்கதவுப் பட்டையில் தன் ஊர்ப்பெயரைப் பெரிய ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறார். விற்கும்போது தரகன் ஸ்டிக்கரை உரித்துவிட்டான். ஆனால் இத்தனை வருஷ வெயில் அந்தப் பட்டையைத் தின்று சாம்பல் நிறமாக்கியிருந்தது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. அங்கே பிளாஸ்டிக் புதிதாய் வந்த நாளின் கறுப்பிலேயே இருந்தது. சாம்பலுக்கு நடுவே கறுப்பாக, கிளிநொச்சி.

“ஏங்க, வண்டிக்கு ஊரு பேரு வச்சே குடுத்துட்டானா?”

“உரிச்சுட்டேன்னான் புள்ள. உரிச்சுத்தான் இருக்கு.”

பொன்னையா வவுனியாவைக்கூடக் கண்டவனில்லை. அந்தச் சிரிப்பு அவனுடைய முதல் தம்புள்ளைப் பயணத்தோடு போயிற்று. செக்பொயின்டில் ஒரு சிப்பாய் பட்டையைத் தட்டி, “மேக்கே மொனவத லியலா தியென்னே?” என்று கேட்டான். என்ன எழுதியிருக்கிறது? பொன்னையா வாசித்துக் காட்டிவிட்டான்.

“முருகான்னு எழுதியிருக்குன்னு சொல்லக்கூடாதா? அவனுக்கு என்ன தமிழா தெரியும்?” என்று வேலம்மா அன்றிரவு கத்தினாள்.

“கேட்டான். வாயில வந்திருச்சு.”

“வாயில வருமாம்ல. சோறு கேக்கத் தவிர வேற எதுக்கும் வராத வாயி.”

சிப்பாய் அன்று அவனை விட்டுவிட்டான். விடும்போது எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சொன்னான்: அடுத்த முறை இது இருந்தால், நீ திரும்பிப் போகமாட்டாய்.

* பட்டையைக் கழற்றி எறிந்தால் என்ன என்று கேட்பீர்கள். நம்பர் பிளேட்டும் அதன் லைட்டும் அந்தப் பட்டையில்தான் பூட்டியிருந்தன. நம்பர் இல்லாத வண்டியில் அந்த ஆண்டு யார் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா?

4

அலுவிகாரையில் பாதையோரம் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ரவூப்பிடம் இருவரும் போனார்கள்.

(ரவூப் இங்கே முஸ்லிமாக இருப்பது நல்லிணக்கத்துக்காக அல்ல. அந்தப் பாதையில் அந்த வேலைக்கு ஒரு ரவூப்தான் இருப்பார். நீங்கள் கைதட்ட வேண்டாம்.)

ரவூப் பட்டையைக் கண்டதும் முதலில் பாதையைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பின்பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தச் சொன்னார்.

“பொன்னையாண்ணே, கிளிய மட்டும் உட்டு நொச்சிய அழிப்பமா? கிளி வளக்கிறேன்டு சொல்லலாம்.”

“வெளாடாத ரவூப்பு. பெயின்ட அடிச்சு மூடு.”

“இந்தப் பிளாஸ்டிக்குல பெயின்ட் நிக்கேலாது. மழை பட்டா தோல் மாதிரி உரியும். உரிஞ்சி உள்ள எழுத்துத் தெரிஞ்சா, மறைச்சீக்கி எண்டுதான் அவன் நினைப்பான். இதக் கறுப்பாக்க வேற வழி ஈக்கிது.”

சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினார். காய விட்டார். பிறகு சூட்டுக்காற்று அடிக்கும் மெஷினைப் பட்டைக்கு நேரே பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் மெதுவாக நகர்த்தினார். சூடு போன வழியில் சாம்பல் கறுத்துக்கொண்டே வந்தது. பிளாஸ்டிக்குக்குள் செத்துக்கிடந்த எண்ணெய் எழுந்து மேலே வருவதுபோல. வேலம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். எழுத்தைச் சுற்றிக் கறுப்பு வர வர, எழுத்து அமிழ்ந்துபோயிற்று. கடைசியில் ரவூப் லின்சீட் எண்ணெயைத் துணியில் தொட்டு மேலே ஒரு பூச்சுப் பூசினார்.

“எங்கங்க எழுத்து?” என்றாள் வேலம்மா. குனிந்து பார்த்தும் தெரியவில்லை.

“எழுத்து ஈந்த இடம் வழுவழுப்பு. அங்க எண்ணெய் உள்ள எறங்காது, மேலயேதான் நிக்கும். காய ரெண்டு மூணு நாள் புடிக்கும். அதுவரைக்கும் கைய வெக்கவும் வேணாம், தண்ணி காட்டவும் வேணாம். கேட்டீங்களா தங்கச்சி?”

“கேட்டேன்ணே.”

5

இங்கே எனக்கு வேலம்மா மேல் சந்தேகம். அடுத்து அவள் செய்யப்போவதை எழுதினால், படித்தவள் படிக்காதவளை மடச்சியாக்குகிறாள் என்பார்கள். செய்யாமல் விட்டால் நான் கண்ட மஞ்சளுக்குக் கணக்கு இல்லை. நாலு தடவை அடித்து எழுதிப் பார்த்தேன். பிறகு எங்கள் லயத்தை நினைத்துக்கொண்டேன். திருத்திக்கொண்டு வந்த வண்டியை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைக்காமல் எங்கள் லயத்தில் யாரும் பாதையில் இறக்கியதில்லை. சைக்கிளைக்கூட.

வெங்காயக்காரன் காத்திருக்கமாட்டான் என்பதால் மறுநாள் விடிவதற்குள்ளேயே கிளம்பினார்கள். வேலம்மாவும் ஏறினாள். பக்கத்தில் பொம்பிளை இருந்தால் சிப்பாய் கொஞ்சம் யோசிப்பான் என்பது அவள் கணக்கு. ஏறுமுன் செம்பில் மஞ்சளைக் கரைத்து, நாலு சக்கரத்துக்கும் தெளித்து, அதில் நனைத்த துணியால் பின்கதவை மேலிருந்து கீழாகத் துடைத்தாள்.

“அடியே, தண்ணி காட்டாதன்னாருல்ல?”

“மஞ்சத்தண்ணி தண்ணியாங்க? சாமி காரியம். போன தடவ தெளிக்காமப் போயித்தான் அவன் கண்ணுல பட்டோம்.”

பொன்னையா போய் வண்டியை ஸ்டார்ட் செய்தான். உள்ளுக்குள் அவனுக்கும் அதே நினைப்பு.

அந்த அரை இருட்டில் பட்டை கறுப்பாக, நனைந்து, நன்றாகத்தான் இருந்தது.

6

காற்றும் வெயிலும் பாதையில் அந்த ஈரத்தை வாங்கிக்கொண்டன. காய்ந்த இடத்திலிருந்து மஞ்சள் தூளாகப் பறந்தது. காயாத எண்ணெய் பிசுபிசுத்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. மேலே பாதைத் தூசியும் வந்து உட்கார்ந்தது. வண்டிக்குள் இருந்தவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. வேலம்மா மடியில் பொட்டலத்தைப் பிரித்து, புருஷனுக்கு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னிக்கி அவன் பாத்தான்னா, ‘எங்க எழுத்து?’ன்னு அவனே கேப்பான் பாருங்க.”

“கேட்டா என்ன சொல்லட்டும்?”

“வாயத் தொறக்காதீங்க. அது போதும்.”

செக்பொயின்டில் இறங்கி வண்டியின் பின்னால் வந்தபோதுதான் கண்டாள். தன் துணி போன தடமெல்லாம் பறந்துபோய், அந்த ஊர் மட்டும் மஞ்சளில் நின்றது. பழையதாக இல்லை. இன்று காலை யாரோ ஆசையாக எழுதியதுபோல இருந்தது. தண்ணீர்ப் போத்தலைத் துணியில் கவிழ்த்தாள். துடைக்கக் கை தூக்குமுன் சிப்பாய் துவக்கை நீட்டி, “அல்லன்ட எப்பா” என்றான். தொடாதே.

பழைய சிப்பாய் இல்லை, இவன் வேறு. என் வயதுதான் இருக்கும். (இவனை ஒரு அரக்கனாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் பயந்த முகம். பயந்தவன் கையில் துவக்கு இருப்பது அதைவிட மோசம்.) அதே கேள்வியைத்தான் இவனும் கேட்டான். என்ன எழுதியிருக்கிறது?

வேலம்மா புருஷன் வாயைப் பார்த்தாள்.

“முருகா,” என்றான் பொன்னையா. “தெய்யோ. சாமி பேரு, மாத்தயா.”

வேலம்மா சட்டென்று எழுத்தை நோக்கிக் கைகூப்பினாள். சாமிக்கு மஞ்சள் பூசுவார்கள் என்று அந்தச் சிப்பாய்க்கும் தெரியும். கோவிலில் பார்த்திருப்பான். நம்பலாமா என்று யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது.

7

முடிவு ஒன்று: நம்பினான், விட்டான். (எழுதினேன். அந்த ஆண்டை எனக்குத் தெரியும். கிழித்தேன்.)

முடிவு இரண்டு: பொன்னையாவைக் கொண்டுபோகிறார்கள். வேலம்மா அவன் போட்டோவை நெஞ்சில் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக... (இதை நான் நன்றாகவே எழுதுவேன். நீங்களும் நன்றாக அழுவீர்கள். அழுதுவிட்டு, தேநீர் ஆறிவிட்டதே என்று பார்ப்பீர்கள். தரமாட்டேன்.)

மூன்றாவது முடிவு என் கையில் இல்லை. ஏனென்றால் சிப்பாய் இப்போது திரும்புகிறான். பஸ்ஸிலிருந்து இறங்கி அட்டையோடு வரும் வரிசையைப் பார்க்கிறான். சிங்களத்தில் கேட்கிறான்: உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யார்? இதில் என்ன எழுதியிருக்கிறது?

நான் அதற்கு முன்பே தாண்டிப் போய்விட்டேன். என் பஸ் போய்விட்டது. எனக்குப் பின்னால், அடுத்த பஸ்ஸின் வரிசையில் நிற்பது நீங்கள். அவன் விரல் உங்களைத்தான் காட்டுகிறது. வேலம்மா கூப்பிய கையை இறக்கவில்லை. கைக்குள் இருக்கும் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பொய் சொன்னால், அடுத்த நிமிடம் வாசிக்கத் தெரிந்த இன்னொருவன் வரலாம், அப்போது உங்கள் அட்டை சிப்பாயின் கையில் இருக்கும். உண்மையைச் சொன்னால் உங்கள் பஸ் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

தமிழ் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இவ்வளவு தூரம் வாசித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

வாசியுங்கள். சத்தமாக.