முழு விலை

தள்ளுபடி என்றால் பாயிஸாவுக்குக் கிறுக்கு. பழைய விலையைக் குறுக்கே வெட்டி, புதிய விலையைச் சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டு, 'உங்களுக்கு இவ்வளவு மிச்சம்' என்று கீழே காட்டினால் வாங்காமல் போகிற மனிசர் யார் என்று கேட்பாள். கொழும்புக் கம்பனிகளுக்கு இணையக் கடைகளில் பணம் கட்டும் பக்கத்தை வடிவமைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில்.

2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில், அக்குறணையில் இருந்த அவள் குடும்பத்துத் துணிக்கடையை நொறுக்கிவிட்டுப் போனார்கள். ஊரடங்கு எடுத்த பிறகும் பழைய சிங்கள வாடிக்கையாளர்கள் கடைப்படியை மிதிக்கவில்லை. அவளுடைய அண்ணன் நஸீம் நானாவுக்கு மிஞ்சியது மாடியில் கிடந்த பெட்ஷீட் கட்டுகளும், மௌத்தாகிப்போன வாப்பாவின் பேர் எழுதிய பலகையும்தான். ஹாஷிம் ஸ்டோர்ஸ்.

"சரக்க ஒன்லைன்ல வித்துத் தா புள்ள. இல்லாட்டி கடைய மூடத்தான் வேணும்" என்றான்.

பாயிஸா இணையக் கடையைத் திறந்தாள். சனம் வந்தது. பெட்ஷீட்டைக் கூடையில் போட்டது. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் மாயமாய் மறைந்தது. தள்ளுபடி கண்ணில் படவில்லையாக்கும் என்று எழுத்தைப் பெரிதாக்கினாள். பிறகு தள்ளுபடியையே கூட்டினாள். பக்கம் கல்யாணப் பந்தல் மாதிரி மின்னியது, ஓடர் மட்டும் விழவில்லை.

ஒருநாள் வத்தேகமவிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். மரியாதையான குரல். விலை நல்ல மலிவு மகள் என்று சிங்களத்தில் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, இது முஸ்லிம் கடையா என்று கேட்டாள். தனக்கு ஒன்றுமில்லையாம், வீட்டில்தான் ஏசுவார்களாம்.

கடைப் பேரும் விலாசமும் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தன. காசு யாருக்குப் போகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்று நஸீம் பிடிவாதமாகப் போடச் சொன்னது. பாயிஸா அழுதுகொண்டே பேரையும் விலாசத்தையும் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாள். வந்த ஆத்திரத்தில் தள்ளுபடியையும் எடுத்தாள்.

விடிவதற்குள் ஓடர்கள் குவிந்திருந்தன.

நஸீமுக்குத் தலைகால் புரியவில்லை. முன்னறையில் உட்கார்ந்து பார்சல் கட்டி, ஒவ்வொன்றிலும் கடைப் பேர் ஸ்டிக்கரை ஒட்டினான்.

"உன்ட தள்ளுபடி வேல செஞ்சீக்கிது புள்ள! எவ்வளவு கொறச்சாய்?"

"ஒரு சதமும் கொறைக்கல்ல நானா. முழு வெலதான்."

"அப்ப எப்புடி வாங்குறாங்க?"

அவள் லெப்டொப்பை அவன் பக்கம் திருப்பினாள். அவன் மேலிருந்து கீழே பார்த்தான். மறுபடியும் மேலே போய்த் தேடினான். கத்தப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் எவ்வளவோ நல்லது.

கட்டி வைத்த பார்சல்களை அவன் மடிக்கு இழுத்தான். வாப்பாவின் பேரை நகத்தால் உரிக்கத் தொடங்கினான். நன்றாக ஒட்டியிருந்ததால் அதோடு சேர்ந்து உறையும் கிழிந்தது.

"இத வேற பேக்ல போடு புள்ள" என்றான், நிமிராமலே. "கிழிஞ்சத அனுப்பேலா."