சகலை கட்டிய குழி

மழை விட்டதும் ஆதிகேசவன் அரக்கோணம் ரோட்டில் இருக்கும் தன் பைக் மெக்கானிக் கடை வாசலில் குந்திப் பார்த்தான். அவன் கடைத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கி, மேலே எண்ணெய் மினுமினுக்க மழைநீர்க் கால்வாயில் விழுந்தது. மூன்று கடை தள்ளி, அவன் சகலை அரசுவின் மெக்கானிக் கடையிலிருந்து விழுந்ததோ வெறும் மழைத் தண்ணீர்.

கடைத் தண்ணீர் கால்வாய்க்குப் போகுமுன் விழுந்து நிற்க இரண்டு கடையிலும் ஒரே மாதிரி குழி. எண்ணெய் மிதக்கும், தண்ணீர் அடியில் நிற்கும். அதனால் வெளியே போகும் குழாயின் வாய் குழிக்குள் கீழ்நோக்கி வளைந்து, அடித் தண்ணீரை மட்டும் எடுக்கும். அரசு கட்டியதைப் பார்த்து அப்படியேதான் இவனும் கட்டினான். அப்புறமும் ஏன்?

கால்வாய் ஊருக்குக் கீழே ஏரியில் சேர்கிறது. இன்னொரு மழையில் எண்ணெய் வந்தால் கடைக்குப் பூட்டு என்று நகராட்சி ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போகும்போது, "அரசுவைப் பாத்துக் கத்துக்குங்க" என்றாரே, அதுதான் பூட்டைவிட எரிந்தது. அரசு, ஆதிகேசவன் மனைவி கவிதாவின் தங்கை புருஷன். மாமியார் வீட்டில் முதல் இலையும் அவனுக்குத்தான்.

"என் கடைத் தரையில சோறு போட்டுத் துன்னலாம். தெனம் சோப்புத்தூள் போட்டுக் கழுவறேன். அவன் கடை முழுக்க மரத்தூள்" என்றான் கவிதாவிடம்.

"நீ கழுவிகினே இருய்யா. பூட்டு போட்டா அதையும் கழுவு."

சாயங்காலம் அரசு வந்தான். "இன்னா சகல, குழியையே மொறச்சிகினு கீற?"

"உன் குழியில அப்படி இன்னா வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல. கையில கீற கிரீஸ் சோப்புல எப்படிப் போவுது? தண்ணியோட கலந்துதானே? கலந்துட்டா எப்படி மெதக்கும்?"

அவன் சொன்னது தப்பு என்று காட்டத்தான் ஆதிகேசவன் இரண்டு பாட்டிலில் தண்ணீரும் பழைய ஆயிலும் ஊற்றினான். ஒன்றில் மட்டும் சோப்புத்தூள். இரண்டையும் குலுக்கி வைத்தான். இருவரும் டீ குடித்து முடிப்பதற்குள் சோப்பில்லாத பாட்டிலில் ஆயில் கறுப்பாக மேலே ஏறி நின்றது. மற்றது கலங்கலாகவே இருந்தது. அரசு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

மறுநாள் ஆதிகேசவன் குழியில் இருந்ததை டிரம்மில் இறைத்துச் சுத்தம் செய்தான். தரைக்கு இனிச் சோப்பு இல்லை. சிந்திய ஆயில்மேல் மரத்தூள் தூவி, அது உறிஞ்சியதும் பெருக்கி மூடிபோட்ட டின்னில் சேர்த்தான். அடுத்த மழையில் தரையில் மீந்த கொஞ்ச ஆயில் குழியில் மிதந்து நின்றது. கால்வாய்க்குப் போனது வெறும் தண்ணீர். மிதக்கும் எண்ணெயைத்தான் குழி பிடிக்கும். சோப்பு போடாத எண்ணெய்தான் மிதக்கும்.