ஏழாவது குழாய்

1929 ஆகஸ்டு 3, சனிக்கிழமை பிற்பகல், ஜொகூரில் குளுவாங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், வீட்டில் செய்த சிறு பாய்லர் ஒன்றில் ஏழு குழாய்களில் ஆறு பொருந்தின.

அதைச் செய்தவன் அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காளியப்பன். தோட்டத்து ஆலையில் பாய்லர் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஞாயிறு காலைக்குள் சிறியதொன்றைச் செய்து ஓட்டிக் காட்டினால் வேலை அவனுக்கு என்று துரை சொல்லியிருந்தார்.

செம்பு உருளையின் இரு முனைகளுக்கும் வட்டத் தகடுகள். இரண்டையும் சேர்த்துக் கவ்வி, இடப்பக்கம் நான்கும் வலப்பக்கம் மூன்றுமாக ஒரே தடவையில் துளையிட்டான். வலப்பக்க அடியில் தண்ணீர்க் குழாய்க்கு இடம் விட்டான். பிறகு இரண்டின் விளிம்பையும் ஒரே பக்கமாக மடித்தான். முன் தகட்டில் ஏழு குழாய்களையும் பற்றவைத்தாயிற்று. பின் தகட்டை மடிப்பு வெளியே தெரிய மூடினால் ஆறு குழாய்கள் துளைக்குள் வந்தன. ஏழாவது வெறும் தகட்டில் முட்டியது. எதிர்ப்பக்கத்தில் ஒரு துளை காலியாக இருந்தது.

பின் தகட்டைக் கழற்றி முன் தகட்டின்மேல் வைத்தான். ஏழு துளைகளும் சரியாக இருந்தன. பின்னால் கொண்டுபோனான். ஆறுதான். சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தான். சில நிலைகளில் ஆறுகூட இல்லை.

"அலமாக்! துளை நடந்து போச்சா?" என்றான் பக்கத்து வீட்டுத் தங்கராஜு. "பகல்லயே கள்ளா?"

"ஒண்ணா வெச்சுத் துளைச்சேன்டா. இங்க வெச்சா ஏழு, அங்க வெச்சா ஆறு. எப்படிலா?"

"புதுசா ஒரு துளை போடு."

"காலியா இருக்கறதை யாரு அடைப்பா? உங்க அப்பனா?"

வாசலில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த மனைவி புஷ்பவள்ளி நிமிர்ந்தாள். "ரெண்டு கையையும் ஒரே தோளுக்கு வெட்டின மாதிரி இருக்கு."

"என்ன கை?"

"ரவிக்கைக் கைதான். இடது, வலது எதிரெதிரா வெட்டணும். நானும் ஒருதடவ ரெண்டையும் ஒரே மாதிரி வெட்டிட்டேன். ஒண்ண உள்பக்கம் வெளிய வரத் திருப்பினா பொருந்தும். ஆனா துணியில வெளுத்த பக்கம் தெரியும், போட முடியாது. செம்புக்கு ஏதுங்க உள்பக்கம்? திருப்பிப் போடுங்க."

"மடிப்பு உள்ள போயிடுமே. எந்த டப்பா மூடி அப்படி இருக்கு?"

"மூடி மாதிரி இருக்கணும்னு துரை சொன்னாரா?"

காளியப்பன் தகட்டைத் திருப்பினான். மடிப்பு உருளைக்குள் போயிற்று. ஏழு குழாய்முனைகளும் வெளியே வந்தன. திரும்பக் கழற்றி, பழையபடி வைத்தான். ஆறு. திருப்பினான். ஏழு.

"புரியுதா?" என்றான் தங்கராஜுவிடம்.

"இல்ல."

"எனக்கும்தான்."

வெள்ளிப் பற்றாசு வைத்து, தீயை ஊதி உருக்கிக் குழாய்களை ஒட்டினான். தண்ணீர் ஊற்றி அழுத்திப் பார்த்தபோது எந்தக் குழாயிலும் கசிவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் துரை வந்தார். பாய்லர் இருபது நிமிடத்தில் ஆவி பிடித்தது. ஒரு தகட்டின் மடிப்பு மட்டும் ஏன் உள்ளே இருக்கிறது என்று மலாயில் கேட்டார். அப்படி வைத்தால்தான் குழாய் சேர்கிறது, காரணம் தெரியவில்லை என்றான் காளியப்பன். திங்கட்கிழமை அவனை ஆலையில் சேர்த்துக்கொண்டார்கள்.