எட்டு ரூபி

என் பெயர் ரூபி. அப்பா பிச்சைமணி, குலசாமி சுடலைமாடன். எந்த சர்ச் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

இலத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஊரார் சேர்ந்து கட்டிய ஆஸ்பத்திரிக்கு இந்த வருடம் எழுபத்தைந்து வயது. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆன பாவத்துக்கு, விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எழுதிக் கொடுத்தேன். கமிட்டித் தலைவர் காந்திமதிநாதன் அண்ணாச்சி, நர்ஸ் ரூபியைப் பற்றிய இரண்டு பக்கத்தையும் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய தாத்தா இடம் கொடுத்ததற்குப் பத்திரம் இருக்கிறதாம். வாரம் ஒருநாள் வந்துபோன டாக்டர்களுக்குக்கூட போட்டோ இருக்கிறதாம். இருபத்து மூன்று வருடம் ராப்பகலாகப் பிரசவம் பார்த்த அந்த அம்மாளுக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் இல்லையாம். எப்படி இருக்கும்? பழைய ரிஜிஸ்தரையெல்லாம் கரையானுக்குக் கொடுத்ததே இந்தக் கமிட்டிதான்.

"ஆதாரம் இல்லாம அச்சுல போட முடியாதும்மா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதன்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது. அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் நாள். சாரல் அடித்தாலும் கூட்டம் குறையாது. அண்ணாச்சியும் தன் அக்கா மங்களேஸ்வரியைக் காரில் கூட்டி வருவார். சீட்டுக் கொடுக்கும் மாரிச்செல்வியிடம் ஒரே ஒரு உதவி கேட்டேன். அப்பா பெயர், புருஷன் பெயர் எதையும் சேர்க்காமல் கூப்பிடு என்றேன்.

"ரூபி" என்று கூப்பிட்டாள்.

ஏழு பேர் எழுந்தார்கள். திருநீறு பூசியவர், மஞ்சள் பூசியவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் என்று எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல். யார் சீட்டு முதலில் என்று சண்டையும் ஆரம்பித்துவிட்டது. என்னோடு எட்டு. யாரையும் நான் கூட்டி வரவில்லை. அந்த அம்மா கையில் பிறந்த பிள்ளைக்கு அந்த அம்மா பெயரையே வைத்தார்கள், இதுக்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். பெயரெல்லாம் ஆதாரம் ஆகாது என்று அவர் இழுத்தார்.

அப்போது அவருடைய அக்கா கம்பை ஊன்றி எழுந்தார்.

"ஏலே, எனக்கும் அம்மா அந்தப் பேரைத்தாம்லே வச்சா. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது தாத்தா மாத்திட்டாவ. சாகுத வரைக்கும், பக்கத்துல ஆள் இல்லாதப்ப அம்மா என்னை ரூபின்னுதான் கூப்பிடுவா."

அண்ணாச்சி தான் அடித்த பக்கங்களை என்னிடமிருந்து வாங்கி, மேலே 'அச்சுக்கு' என்று எழுதினார். அவருடைய அக்கா மாரிச்செல்வியிடம் சீட்டை நீட்டி, பெயரைத் திருத்தி எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்.