ஏழாம் குழாயின் கற்கள்

ஆறாவது வாரத்துப் படம் திரையில் முழுதாக வந்து சேர்ந்தபோது வாத்தைக் காணவில்லை.

அந்த மண் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே இயந்திரத்தை இயக்குபவள் அவள். எல்லோருக்கும் அவள் ஸ்கேனக்கா. ஈயத் தகடு பதித்த பெட்டிக்குள் மண் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை நிறுத்திக் கதவைப் பூட்டினால், அது நாற்பது நிமிடம் மெல்லச் சுழலும். பிறகு கணினி உள்ளே இருப்பதையெல்லாம் சீவல் சீவலாகப் பிரித்துக் காட்டும். கல் பளீர் வெள்ளை, காற்றுப் பொந்து கறுப்பு, வேர் சாம்பல். செடியைப் பிடுங்காமலே வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வாராவாரம் பார்த்துவிடலாம்.

மொத்தம் இருபத்து நாலு குழாய், எல்லாவற்றிலும் மக்காச்சோளம். முதல் பன்னிரண்டில் புதிதாக ஒரு பொடி கலந்திருந்தது, மற்றதில் வெறும் மண். பொடி போட்டால் வேர் ஆழமாக இறங்கும் என்று அடித்துச் சொன்னாள் ஆராய்ச்சி மேடம். ஸ்கேனக்காவுக்கு எண்ணைவிடக் கல்தான் அடையாளம். ஏழாம் குழாயின் அடியில் கழுத்து வளைந்த ஒரு கல், வாத்து மாதிரி. ஐந்து வாரம் பார்த்துப் பழகியது.

தலைகீழாக வைத்துவிட்டோமோ என்று படத்தைத் திருப்பிப் பார்த்தாள். இல்லை. வேர் நெளியும், வளரும். பட்டாணி அளவுக் கல் எழுந்து நடந்து போகுமா? போன வாரம் பாதிக் குழாயில் நொண்டிக்கொண்டிருந்த ஏழின் வேர், இன்று அடிவரை இறங்கியிருந்தது. ஒரே வாரத்தில்!

யாரோ குழாயில் கை வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய்கள் நிற்கும் செடிக்கூடத்துச் சாவி அவளுடைய கொழுந்தனிடம் இருந்தது. தண்ணீர் ஊற்றுவதும், குழாய்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவருவதும் அவன்தான். "எங்க வீட்டுப் பிள்ளை சார், பொறுப்பா இருப்பார்" என்று இயக்குநரிடம் பேசி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவளேதான். போன வாரம் பேருந்தில் அவன் கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது.

"அண்ணி, குழாய் எங்கயாவது இடிச்சா உள்ள தெரிஞ்சிடுமா?"

அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிடப் போகாமல் மற்றப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பத்தொன்பதில் அவளைப் பார்த்துக் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது வாத்து. பத்தொன்பது வெறும் மண். ஆக, எதுவும் உடையவில்லை. இரண்டும் எண் மாறியிருக்கின்றன.

நேரே செடிக்கூடத்துக்குப் போனாள். குழாய்களில் ஒட்டிய எண் சீட்டுகளில் இருபத்திரண்டு நீர் பட்டு மங்கியிருந்தன. ஏழும் பத்தொன்பதும் மட்டும் புத்தம் புதிது. அந்த ஏழின் நடுவில் இழுத்த குறுக்குக் கோடு கொழுந்தனுடையது. வீட்டு நாட்காட்டியில் தினமும் பார்க்கிற எழுத்து.

"இதை எழுதினது நீதானே தம்பி?"

"ஆமா அண்ணி. ரெண்டு சீட்டு நனைஞ்சு போச்சு, எழுதிக் குடுன்னு மேடம் கேட்டாங்க. அவங்களே ஒட்டிக்கிட்டாங்க."

"அடுத்தவங்க மேல பழி போடாத. இடிச்சா தெரியுமான்னு எதுக்குக் கேட்ட?"

அவன் தண்ணீர்க் குழாயை மூடினான். "பதினொண்ணுல வண்டி லேசா இடிச்சிடுச்சு. பயந்து கேட்டேன். போய் மேடத்தையே கேளுங்களேன்."

"படிச்சவங்ககிட்ட போய் இதைக் கேட்டா மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? உள்ளதைச் சொல்லு தம்பி, நான் பாத்துக்கறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீங்களே இப்படிக் கேக்கறீங்களே அண்ணி" என்றான். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அன்று மாலை அவளோடு பேருந்துக்கும் வரவில்லை.

வீட்டில் கணவர், "தம்பி எங்க?" என்றார். "வேலை இருக்காம்" என்று சொல்லிச் சமாளித்தாள். சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தாள். பொய் சொல்கிறவன் முகமா அது? பொய் சொல்கிறவனுக்கென்று தனி முகம் இருக்கிறதா?

மறுநாள் மேடம் தானாகவே ஸ்கேன் அறைக்கு வந்தாள். ஸ்கேனக்கா பட்டும் படாமலும் சொன்னாள்: "ஒரு குழாய்ல கல்லு எல்லாம் வேற மாதிரி தெரியுது மேடம்."

"தண்ணி ஊத்த ஊத்த மண்ணு நகரும்க்கா, அதான்." மேடம் சிரித்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஆமா, அந்த முதல் அஞ்சு வாரத்துப் படத்தையெல்லாம் அழிச்சிடுங்க. அளவெல்லாம் நான் எடுத்தாச்சு. கணினியில இடமே இல்லையாமே?"

"சரிங்க மேடம்."

அவள் போனதும் ஸ்கேனக்கா கணினியைத் திறந்து பார்த்தாள். மூன்றில் இரண்டு பங்கு இடம் காலியாகக் கிடந்தது.

 தினமும் தேநீர் வாங்கி வந்து நீட்டுகிற மேடத்தின் கை. 'அக்கா, நீங்க இல்லேன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது' என்கிற வாய். வீட்டுப் பிள்ளையை ஒரு நொடியில் திருடன் ஆக்கியவள், இந்த வாயை ஒருமுறையாவது சந்தேகப்பட்டாளா?

அழிக்கவில்லை. இயக்குநரைக் கூப்பிட்டு, போன வாரத்து ஏழாம் குழாய்ப் படத்தையும் இந்த வாரத்துப் பத்தொன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஒரே குழாய்" என்றார். மேடத்தை வரச் சொன்னார்.

மேடம் முதலில் செடிக்கூடத்து ஆளின் கவனக்குறைவு என்றாள். படங்களை அழிக்கச் சொன்னது ஏன் என்று இயக்குநர் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. "ஒரே ஒரு செடிதான் சார். விதை சரியில்லை. அது ஒண்ணால என் மூணு வருஷ உழைப்பு கெட்டுப் போகுமேன்னு..."

"விதை சரியில்லைன்னா அதையும் எழுதணும்மா. மாத்தி வெக்கறதா?"

மேடத்தை ஆய்விலிருந்து விலக்கினார்கள். இருபத்து நாலு குழாயும் கழிக்கப்பட்டு, புது மண்ணில் புது விதை போட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள்.

ஸ்கேனக்கா செடிக்கூடத்துக்குப் போய் நின்றாள். "தப்புப் பண்ணிட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காத."

"பரவால்ல அண்ணி" என்றான் அவன், மண்ணைச் சலித்தபடியே. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

புதுக் குழாய்களின் முதல் நாள். தள்ளுவண்டியோடு அவன் ஒரு நோட்டையும் கொண்டுவந்தான். குழாய் எண், நேரம், கொடுத்தவர், வாங்கியவர் என்று கட்டம் போட்டிருந்தான்.

"சார் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இல்ல, நானா போட்டது. ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க அண்ணி. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

அவள் பேனாவை வாங்கி இருபத்து நாலு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டாள். அவன் நின்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தான்.