அண்ணனின் கைராசி

பட்டறையின் ஷட்டரை அன்றைக்கு அவள்தான் திறந்தாள். வழக்கமாக அண்ணன்தான் முதலில் வருவான். வண்டி பஞ்சர் என்று போன் செய்திருந்தான். தோளில் கிடந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் புது லேசரின் சுவிட்சைப் போட்டுவிட்டு துடிப்பைக் காட்டும் ஸ்கோப்பின் திரையைப் பார்த்தாள். சில வாரங்களாக, காலையில் அவள் வரும்போதெல்லாம் அந்தத் திரையில் துடிப்புகள் சீப்புப் பற்கள்போல வரிசையாக நின்றிருக்கும். இன்று மட்டமாக ஒரு கோடு. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அப்போதும் கோடுதான்.

அண்ணனும் தங்கையுமாக நடத்தும் சின்னப் பட்டறை. லேசரைச் செய்வது தங்கை, அதை விற்பது அண்ணன். தலைமுடி கனத்தில் இருக்கும் கண்ணாடி ஃபைபரை வளையமாகச் சுற்றி, அதற்குள் ஓடும் ஒளியைத் துண்டு துண்டாகத் துடிக்க வைக்க வேண்டும். நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் குட்டித் துடிப்பு. பட்ட இடத்தைச் சுடாமல் வெட்டும். ஆனால் மகா ரோஷக்காரத் துடிப்பு. பழைய வகை ஃபைபரில், அறை கொஞ்சம் சூடேறினாலும் யாராவது மேசையில் இடித்தாலும் படுத்துவிடும். உடனே அண்ணன் வந்து வளையத்தை நகத்தால் சுண்டுவான். துடிப்பு எழுந்து நிற்கும். அவள் சுண்டினால் வராது. கைராசி என்று அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. கண்ணாடி வெட்டும் தொழிற்சாலைக்கு விற்ற முதல் லேசரைச் சுண்டிவிட்டு வருவதற்கென்றே ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டிருந்தான்.

இந்த முறை வாங்க வருவது கண் ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறார்கள். கருவிழியைப் பாதி வெட்டியிருக்கும்போது துடிப்பு படுத்துக்கொண்டால், யாரைக் கூப்பிட்டுச் சுண்டச் சொல்வது? அதற்காகத்தான், ஒளி அதிரும் திசையைத் திரும்பவிடாமல் ஒரே நிலையில் பிடித்து வைக்கும் வேறு வகை ஃபைபரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினாள். யார் கையும் படாமல், சுவிட்சைப் போட்டதும் தானே எழ வேண்டும். எழுந்தது, எழுந்தபின் மாலைவரை அசையவில்லை. வீட்டில் புருஷனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

அண்ணன் கையெல்லாம் கிரீஸோடு வந்தான். திரையில் கோட்டைப் பார்த்ததும் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, பெட்டியின் மூடியைத் தூக்கி, சுண்டினான். துடிப்புகள் எழுந்து நின்றன. தங்கை பக்கத்திலேயே நிற்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"தினமும் இதைத்தான் செஞ்சியா?"

"தினமும் இல்ல. முக்கால்வாசி நாள்." மூடியைப் பிடித்தபடியே நின்றான். "அவ்வளவு பாடுபட்டுக் கட்டியிருக்கே. காலைல வந்ததும் உன் மூஞ்சி தொங்கிப்போறத என்னால பாக்க முடியல."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் காரியத்தில் பாசமும் கலந்திருந்ததால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை தானே கூட நின்று எழுப்பிவிடுவதாகவும், ஆர்டர் கைக்கு வந்தபின் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்றும் அவன் அடுக்கிக்கொண்டே போனான். அவன் சொல்கிறபடியே ஆர்டர் வந்துவிடும் என்பதுதான் அவளுக்குப் பயம். அதன் பிறகு, ஓடுகிற லேசரை யாரும் பிரிக்க மாட்டார்கள். அவளே பிரிக்க மாட்டாள்.

கத்தரியை எடுத்து வளையத்தை நறுக்கினாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

ஃபைபர் துண்டுகளை இணைத்த ஒட்டுகளில் எங்கோ ஒன்று கோணல், அதில் சந்தேகமே இல்லை. இந்த ஃபைபரின் வெட்டுமுகத்தில், நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். ஒட்டும்போது இந்த நுனியின் புள்ளிகளும் அந்த நுனியின் புள்ளிகளும் ஒரே கோட்டில் வர வேண்டும். கொஞ்சம் திருகினாலும் ஒளி தடுமாறும். எது கோணல் என்று தேடிக்கொண்டிராமல் எல்லா ஒட்டுகளையும் அறுத்துப் புதிதாகப் போட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் உர்ரென்று இருந்த அண்ணன், ஸ்டூலை நகர்த்தி அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தானும் ஒட்டுகிற மெஷினின் திரையைப் பார்க்கத் தொடங்கினான். சாப்பாட்டு நேரம் வந்து போனதை இருவருமே கவனிக்கவில்லை.

கடைசி ஒட்டைப் போட்டு முடித்தபோது கழுத்து கடுத்தது. திரையில் புள்ளிகள் ஒரு டிகிரி தள்ளி நின்றன. ஃபைபரில் இன்னும் ஒரே ஒரு ஒட்டுக்குத்தான் நீளம் பாக்கி. அதுவும் பிசகினால் வெள்ளிக்கிழமை காட்டுவதற்கு ஒன்றுமிருக்காது. இவ்வளவு போதும் என்று அவள் மனசு சமாதானம் சொன்னது. ஒட்டின்மேல் காப்பு உறையை நகர்த்தப் போனாள்.

"கோணலா இருக்கு," என்றான் அண்ணன்.

"கொஞ்சம்தான். ஓடிடும்."

"ஓடும். ஆனா ஆஸ்பத்திரில சுண்டிவிட நான் இருக்க மாட்டேன்." கத்தரியை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். "வெட்டு."

வெட்டினாள். நுனிகளைத் துடைத்து, சீவி, மெஷினில் எதிரெதிராகப் படுக்க வைத்தாள். திரையில் கரும்புள்ளிகள் ஒன்றையொன்று தேடி மெல்லச் சுழல ஆரம்பித்தன. அவற்றோடு சேர்ந்து, அவனுக்கே தெரியாமல், அண்ணனின் தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது.