தட்டக் கூடாத கதவு

என் மனைவி நஸ்னீன் அன்று கதவைத் தட்டியிருந்தால் பிழைத்திருப்பாள். டாக்டர் அப்படித்தான் சொன்னார்.

பெரிய காஞ்சிபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை எங்களுடையது. கீழே கடை, மேலே வீடு. இரண்டு வருடத்துக்கு முன்பு ஏஞ்சல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்ணாடி போன்ற ஒரு தாளோடு வந்தாள். பிளாஸ்டிக் இல்லை, மரக்கூழில் செய்த காகிதம்தான். பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும். அதன்மேல் வெள்ளி மையால் மின்சுற்று அச்சடிக்க வேண்டும். வளைத்தாலும் அறுந்துபோகாத சுவிட்சு. தொட்டால் விளக்கு எரியும்.

மை காய்கிற நாற்பது நிமிடமும் அறைக் கதவு மூடியிருக்க வேண்டும். வெளிக்காற்றின் ஈரம் பட்டால் தாள் சுருண்டு, கோடு அறுந்துவிடும். ஒரு நாள் பக்கத்துத் தையல்கடை பரசுராமன் தீப்பெட்டி கேட்டுக் கதவைத் திறந்ததில் முப்பது தாள் வீணாயிற்று. மறுநாளே நஸ்னீன் பட்டுச்சேலைக் கரையில் வெட்டிய சிவப்புத் துண்டு ஒன்றைக் கைப்பிடியில் மாட்டினாள். அது தொங்கும்போது யாரும் தட்டக் கூடாது. அது அவள் போட்ட சட்டம்.

பரசுராமனை அவள் வாசலிலேயே மறிக்கும் குரல் ஏசி இரைச்சலையும் மீறி உள்ளே எனக்குக் கேட்கும்.

"செவப்பு தொங்கறது தெரியலயாண்ணே? உள்ள பிரசவம் நடந்துக்கினு இருக்குது."

"பாய்க்கா? என்ன கொழந்தைமா?"

"நேரா வந்தா எங்க ஜாடை. சுருண்டு வந்தா உங்க ஜாடை."

அன்று ஐப்பசி மழை. துண்டை மாட்டிவிட்டு, வழக்கம்போல் செல்போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு தாளும் தட்டையாகக் கிடந்தன. மழை நாளில் அப்படி வந்ததே இல்லை. அப்போது கதவைத் திறந்து துண்டை எடுத்திருக்க வேண்டும். ஆசை விடவில்லை. திறக்காமலே அடுத்த பன்னிரண்டைப் பரப்பினேன்.

அவள் எப்போது படியிறங்கி வந்தாள் என்பதைப் பிறகு பரசுராமன்தான் சொன்னார்.

"மாரு எரியுதுண்ணே, சோடா இருந்தா வாங்கிக்கினு வாங்கன்னுச்சு. கதவத் தட்டட்டுமான்னேன். வாணாம், செவப்பு தொங்குது, இன்னும் பத்து நிமிஷத்துல தானா வந்துடுவார்னுச்சு. சோடாவோட வந்தா கதவுல சாஞ்சிருந்துச்சு. தூங்குதுன்னு நெனச்சிட்டேன், பாய்."

அவள் கணக்கு சரி. பத்து நிமிடத்தில் நான் வந்திருக்க வேண்டும். வந்தது ஐம்பதாவது நிமிடத்தில். கதவை இழுத்தபோது அவள் தோள் என் கால்மேல் சரிந்தது. உள்ளே இருபத்து நாலு தாளும் தட்டையாக இருந்தன.

நாற்பதாம் நாள் அவளுக்குப் பாத்திஹா ஓதி முடிந்ததும் சிவப்புத் துண்டைக் கழற்றினேன். அந்தத் தாள்களில் ஒன்றைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டி, உள்ளே ஒரு சின்ன விளக்கோடு இணைத்தேன். தட்ட வேண்டியதில்லை, விரல் பட்டாலே போதும். பார்ப்பவர்களுக்கு அங்கே ஒன்றும் இருப்பதாகத் தெரியாது.

அதிலிருந்து அச்சடிக்கும்போதும் என் கண் விளக்கின்மேல்தான். கடை நேரத்தில் வரும் மூன்று வேளைத் தொழுகையையும் அறைக்குள்ளேயே முடித்துக்கொள்கிறேன். மழை வந்துவிட்டால் விளக்கு எரிகிறது. எழுந்து ஓடிப்போய்த் திறக்கிறேன். படியில் மழைத்தண்ணீர்தான் இருக்கிறது. திரும்பினால் தாள்கள் ஓரம் தூக்கியிருக்கின்றன.

போன வாரம் ஏஞ்சல் சுருண்ட தாள்களைப் பார்த்துவிட்டு விளக்கையும் பார்த்தாள்.

"யாரும் தொடல பாய். பேப்பர் ஈரத்தக் குடிச்சா இது தானா எரியும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா தெறக்கறீங்க? மேல ஒரு கோட்டிங் அடிச்சா ஈரம் ஏறாது. அஞ்சே நிமிஷ வேலை, நானே அடிச்சுத் தரேன்."

"வாணாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. விளக்கு எரிந்தது. இந்த முறை ஏஞ்சலே எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.